பதிவேட்டில் ஏறாத பெயர்கள்

(முன்னாள் மாணவி ஒருத்தி எழுதியது)

காலை மணி அடித்து, பிரார்த்தனை முடிந்து, வரிசையாக நீங்கள் வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது என்ன? ஆசிரியை நீளமான அந்த வருகைப் பதிவேட்டைத் திறப்பார். பெயர்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். ‘உள்ளேன் டீச்சர்’, ‘உள்ளேன் டீச்சர்’ என்று குரல்கள் எழும். எங்கேனும் ஒரு பெயருக்குப் பதில் வராவிட்டால் ஒரு கணம் அமைதி நிலவும். ஆசிரியை தலைநிமிர்ந்து பார்ப்பார். “ஏன் வரவில்லை? அவள் வீட்டுப் பக்கம் யார் இருக்கிறீர்கள்?” என்று கேட்பார். பன்னிரண்டு ஆண்டுகள் இக்காட்சியை நாள்தோறும் கண்டேன். அதில் அடங்கிய பாடம் எனக்கு விளங்க, பள்ளியை விட்டுச் சென்று மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆண்டு மலருக்கு உன் தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுது என்று தலைமையாசிரியை சிஸ்டர் அன்புக் கட்டளை இட்டார்கள். நான் மென்பொருள் எழுதுபவள். அத்தொழிலைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எத்தனையோ உண்டு. ஆயினும் நான் செய்த பிழை ஒன்றையே எழுதத் துணிந்தேன். கணிப்பொறி படிக்கும் தங்கையர்க்கு அது தொழிற்பாடமாக உதவும். படிக்காதவர்க்கும் அதில் ஏதோ ஒன்று கிடைக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் தொழிலிலும் ஒரு பதிவேடு

நாம் கணக்கு நோட்டில் என்ன செய்கிறோம்? முதலில் ரஃப் நோட்டில் அடித்தும் திருத்தியும் போட்டுப் பார்க்கிறோம். சரியாக வந்ததும் ஃபேர் நோட்டில் எழுதுகிறோம். நிரல் எழுதுவோரும் அப்படியே. ஒரு மென்பொருள் என்பது ஒரே நீளமான கட்டுரை அன்று. நூற்றுக்கணக்கான, சில வேளை ஆயிரக்கணக்கான கோப்புகள் சேர்ந்ததே ஒரு மென்பொருள். பலர் ஒரே சமயத்தில் அவற்றைத் திருத்துவார்கள். நேற்று நன்றாக ஓடியது இன்று ஓடாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரிய வேண்டாமா? தேவைப்பட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப வேண்டாமா? இதற்காக எழுந்ததே பதிப்புக் கட்டுப்பாடு என்னும் முறை.

இம்முறை இன்று நேற்றுப் பிறந்ததன்று. 1972-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்ற முதல் கருவிகளுள் ஒன்றை எழுதினார். 1982-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் டிக்கி ஆர்.சி.எஸ். என்பதைத் தந்தார். பின்னர் சி.வி.எஸ்., 2000-இல் தொடங்கப்பட்ட சப்வெர்ஷன் எனப் பல வந்தன. 2005 ஏப்ரலில் லினக்ஸ் என்னும் இயக்கமுறையின் ஆசிரியரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் குழுவினரின் தேவைக்காக ‘கிட்’ என்ற கருவியை எழுதினார். அதே மாதத்தில் மாட் மெக்கால் என்பவர் ‘மெர்க்கூரியல்’ என்பதை வெளியிட்டார். இன்று உலகெங்கும் பெரும்பாலான நிரலாளர் கையாள்வது கிட் தான். நானும் அதையே பயன்படுத்துகிறேன்.

கிட் வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் எழுதும் கோப்புகள் ஒரு கோப்புறையில் இருக்கும். அது நமது ரஃப் நோட்டு. பதிவு செய்ய வேண்டியவற்றை ‘கிட் ஆட்’ என்ற கட்டளையால் குறித்துக் கொடுக்க வேண்டும். ஆசிரியையின் மேசை மீது திருத்துவதற்காக நோட்டுகளை எடுத்து அடுக்குவது போன்றது இது. பிறகு ‘கிட் கமிட்’ என்றால், அடுக்கி வைத்தவை மட்டும் தேதி, பெயர், ஒரு சிறு குறிப்பு ஆகியவற்றோடு நிரந்தரப் பதிவில் ஏறும். அடுக்கில் வைக்காத நோட்டை ஆசிரியை எப்படித் திருத்துவார்? அதுபோலவே, குறித்துக் கொடுக்காத புதிய கோப்பைக் கிட் தொடுவதே இல்லை.

கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும்

பதிவு செய்யும் முன் ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால், கருவி ஒரு பட்டியலைக் காட்டும். அதில் இரண்டு வகையைத் தங்கையர் நன்கு அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை, கோப்புறையில் இருக்கிறது, ஆனால் பதிவேட்டில் இல்லை. அது கணக்கில் வராத கோப்பு. சுருக்கப் பட்டியலில் அதன் முன் இரண்டு கேள்விக்குறிகள் நிற்கும். ‘இது யார்? எனக்குத் தெரியாதே!’ என்று கருவி கேட்பதாகக் கொள்ளலாம். இரண்டாம் வகை இதற்கு நேர்மாறு. பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஆனால் கோப்புறையில் ஆளைக் காணோம். அது காணாமற்போன கோப்பு. கிட் அதன் முன் ‘டி’ என்ற ஆங்கில எழுத்தை இடும். மெர்க்கூரியலிலும் சப்வெர்ஷனிலும் கணக்கில் வராததற்கு ஒரு கேள்விக்குறி. காணாமற்போனதற்கு ஓர் ஆச்சரியக்குறி! எவ்வளவு பொருத்தமான குறிகள் பாருங்கள். பெயர் இல்லாதவளைக் கண்டால் ‘யார் நீ?’ என்ற கேள்வி. பெயர் உள்ளவளைக் காணாவிட்டால் ‘ஐயோ, எங்கே!’ என்ற பதற்றம்.

‘இவ்வளவு அறிவுள்ள கருவி எல்லாவற்றையும் தானே சேர்த்துக்கொண்டால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். அது சரிப்படாது. நிரல் ஓடும்போது தற்காலிகக் கோப்புகள் பல உண்டாகும், அவை குப்பை. சில கோப்புகளில் கடவுச்சொற்கள் இருக்கும். அவை பிறர் கண்ணில் படலாகாது. வகுப்பறைக்குள் இருப்போர் அனைவரும் மாணவியர் ஆவார்களா? பெற்றோர் இருக்கலாம், தபால்காரர் இருக்கலாம். யார் நம்மவர் என்பதை மனிதர்தாம் சொல்ல வேண்டும்.

காணாமற்போனதை உடனே ‘அழிக்கப்பட்டது’ என்று எழுதிவிடவும் கூடாது. வராத பெண்ணுக்குக் காய்ச்சலாக இருக்கலாம்; மூன்று நாள் வரவில்லை என்று பெயரை அடித்துவிட முடியுமா? மெர்க்கூரியலிலும் சப்வெர்ஷனிலும் வெறுமனே கமிட் செய்தால், காணாமற்போன கோப்பின் பெயர் பதிவில் அப்படியே நிற்கும். நீக்குவதுதான் நோக்கம் என்றால் தனியே சொல்ல வேண்டும். ஆனால் கிட்டில் ஒரு குறுக்குவழி உண்டு. கமிட் கட்டளையோடு ஒரு சிறு கோட்டையும் ‘ஏ’ என்ற எழுத்தையும் சேர்த்தால், மாறிய கோப்புகள் எல்லாம் தாமே பதிவாகிவிடும். காணாமற்போனவை அழிக்கப்பட்டவை என்றே பதிவாகும். ஆனால் புதிய கோப்புகளை மட்டும் அது திரும்பியும் பார்க்காது. இக்குறுக்குவழியே என்னை வீழ்த்தியது.

முதல் எச்சரிக்கை

2014-இல் நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாலை, நான்கு நாள் உழைத்த பணியை முடித்து, குறுக்குவழியில் கமிட் செய்து அனுப்பிவிட்டு மகிழ்ச்சியோடு விடுதிக்குச் சென்றேன். மறுநாள் காலை அலுவலகத்தில் ஒருவர் நிரலும் ஓடவில்லை! நான் புதிதாக எழுதிய ஒரு கோப்பைச் சேர்க்கவே இல்லை; அதைத் தேடி நின்ற மற்றக் கோப்புகள் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தன. “என் கணிப்பொறியில் ஓடுகிறதே அக்கா” என்றேன். எனக்கு மூத்தவரான அந்த அக்கா சிரிக்காமல், “அப்படியானால் உன் கணிப்பொறியையே எங்கள் எல்லாருக்கும் அனுப்பிவிடு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோப்பு என்னிடம் பத்திரமாக இருந்தது. சேர்த்து அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இலேசாக வந்த எச்சரிக்கையை இலேசாகவே எடுத்துக்கொண்டேன்.

அம்மாச்சியின் ஞாயிறுகள்

என் அம்மாச்சியும் நம் பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 2019-இல் அவருக்கு வயது எண்பத்திரண்டு. ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வீடு திரும்பியதும் எனக்குத் தொலைபேசியில் பேசுவார். பழங்கதைகள் சொல்வார். கிணறு வற்றிய ஆண்டு, வீட்டுக்கு முதன்முதலாக மின்விளக்கு வந்த இரவு, தெருவுக்கே கடிதம் படித்துக் காட்டிய நாட்கள் என்று எதையேனும் சொல்லிக்கொண்டே போவார். அவர் பேசப் பேச நான் தட்டச்சு செய்வேன். ஒரு ஞாயிறுக்கு ஒரு கோப்பு. ஒன்பது கோப்புகள் சேர்ந்தபின், தொழில் புத்தி விடவில்லை. அவற்றையெல்லாம் கிட்டில் ஏற்றினேன். எல்லாக் கதைகளின் தலைப்புகளையும் கொண்ட உள்ளடக்கம் என்ற கோப்பு ஒன்றையும் சேர்த்தேன். கோப்புகளை அழகிய புத்தகப் பக்கங்களாக மாற்ற ஒரு சிறு நிரலும் எழுதினேன்.

அடுத்த வாரமே ஒரு விபத்து. வேறு எதையோ அழிக்கப் போய், ஒன்பது கோப்புகளையும் அழித்துவிட்டேன். கைகள் நடுங்கின. பிறகு நினைவு வந்தது. ஸ்டேட்டஸ் கேட்டேன், ஒன்பது பெயர்களும் ‘டி’ என்ற எழுத்துடன் வரிசையாக நின்றன. ‘கிட் ரெஸ்டோர்’ என்றேன். கண் இமைக்கும் நேரத்தில் ஒன்பதும் இருந்த இடத்தில் வந்து அமர்ந்தன! அன்று அம்மாச்சியிடம், “இனி நீங்க சொன்னது எதுவும் அழியாது அம்மாச்சி” என்று பெருமையாகச் சொன்னேன். “அப்படியா பாப்பா, அப்ப நெறையச் சொல்லலாம்” என்றார்.

நிறையவே சொன்னார். மேலும் பதினேழு ஞாயிறுகள். ஒவ்வொரு ஞாயிறும் புதிய கோப்பை எழுதுவேன். உள்ளடக்கத்தில் தலைப்பைச் சேர்ப்பேன். குறுக்குவழியில் கமிட் செய்வேன். ‘ஒரு கோப்பு மாறியது’ என்று கருவி சொல்லும். நானும் நிம்மதியாக மூடிவைப்பேன். மாறியதாக அது சொன்னது உள்ளடக்கத்தை மட்டுமே! புதிய கோப்பு ஒன்றுகூடப் பதிவில் ஏறவில்லை. இணையத்தில் இன்னொரு பிரதியும் வைத்திருந்தேன். ஆனால் கமிட் ஆனவைதாமே அங்கே போகும்? இரண்டு பதிவேடுகள் இருந்தன. இரண்டிலும் அந்தப் பதினேழு பெயர்கள் இல்லை.

நான் ஸ்டேட்டஸ் பார்க்கவே இல்லையா? பார்த்தேன். அதுதான் வேதனை. என் சிறு நிரல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தற்காலிகக் கோப்புகளைச் சிதறிவிட்டுச் செல்லும். பட்டியலில் எப்போதும் அறுபது எழுபது கேள்விக்குறிகள் நிற்கும். ‘எல்லாம் குப்பை’ என்று கண் பழகிவிட்டது. அந்தக் குப்பைக்கு நடுவில்தான் அம்மாச்சியின் பதினேழு ஞாயிறுகளும் நின்றன.

2021 பிப்ரவரியில் அம்மாச்சி இறைவனடி சேர்ந்தார். முதலாம் ஆண்டு நினைவு நாளில் உறவினர்க்கெல்லாம் அவர் கதைகளைப் புத்தகமாகக் கொடுக்க எண்ணினேன். 2022 ஜனவரியில் ஓர் இரவு, வேலையைத் தொடங்கும் முன் கோப்புறையைச் சுத்தம் செய்ய நினைத்தேன். பதிவேட்டில் இல்லாத அனைத்தையும் ஒரே வீச்சில் அகற்றும் கட்டளை ஒன்று உண்டு. ‘கிட் கிளீன்’ என்பது அதன் பெயர். சாதாரணமாகக் கேட்டால் அது செய்ய மறுக்கும், வற்புறுத்தினால்தான் செய்யும். வற்புறுத்தினேன். ‘அகற்றுகிறேன், அகற்றுகிறேன்’ என்று வரிகள் திரையில் ஓடின. அவற்றினிடையே ஞாயிறு பத்து, ஞாயிறு பதினொன்று, ஞாயிறு பன்னிரண்டு என்ற பெயர்களைக் கண்டேன். நிறுத்துவதற்குள் முடிந்துவிட்டது.

ரெஸ்டோர் என்றேன். ‘அப்படி ஒரு கோப்பை நான் அறியேன்’ என்ற பொருளில் பதில் வந்தது. பின்னர் ஸ்டேட்டஸ் கேட்டேன். பதிவேட்டுக்கும் கோப்புறைக்கும் எந்த வேறுபாடும் இல்லையாம். எல்லாம் சரியாக இருக்கிறதாம்! தங்கையரே, அந்த ஒரு வரியைப் போல் என்னை அழவைத்தது வேறொன்றும் இல்லை. பெயர் இல்லாதவர் போனால், போன தடமும் இருப்பதில்லை. வருகை நூற்றுக்கு நூறு என்றே கணக்கு காட்டும்.

கட்டளை அகற்றியவை குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை, நேரே போய்விடும். அழிந்ததை மீட்கும் வழிகள் சிலவற்றை முயன்றேன், பயனில்லை. அம்மாச்சிக்குப் படித்துக்காட்ட என் தங்கை முன்பு அச்செடுத்து வைத்திருந்த மூன்று கதைகள் மட்டும் ஒரு பழைய ஜெபப் புத்தகத்தினுள் கிடைத்தன. பதினான்கு போயே போயின. உள்ளடக்கத்தில் மட்டும் இருபத்தாறு தலைப்புகளும் இன்றளவும் இருக்கின்றன.

எங்கே தவறினேன்?

அழுது முடித்தபின் ஆராய்ந்தேன். கருவி தவறவில்லை. அது ஒவ்வொரு முறையும் கேட்டது. நான்தான் பதில் சொல்லவில்லை. கணிப்பொறி பயிலும் தங்கையர்க்காக நான் கற்றவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கேள்விக்குறிகளைக் குவிய விடாதீர்கள். குப்பைக் கோப்புகளின் பெயர்களை ‘கிட்இக்னோர்’ என்ற பட்டியலில் எழுதி வைத்தால், அவற்றைப் பற்றிக் கருவி கேட்பதை நிறுத்திவிடும். பிறகு எழும் ஒவ்வொரு கேள்விக்குறியும் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் ‘சேர்’ அல்லது ‘விலக்கு’ என்ற இரண்டில் ஒரு பதிலைத் தந்துவிட்டே கமிட் செய்யுங்கள்.

இரண்டு, குறிப்பைக் கட்டளையோடு அவசரமாகச் சேர்த்து எழுதாதீர்கள். தனியே எழுத இடம் கேட்டால், கமிட் ஆகுமுன் கிட் ஒரு பட்டியலைக் கீழே காட்டும். எது ஏறுகிறது, எது ஏறவில்லை, எது நீக்கப்படுகிறது என்று அதில் இருக்கும். நான் ஞாயிறுதோறும் குறிப்பை வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடியதால் அப்பட்டியலைக் காணவில்லை.

மூன்று, ‘கிளீன்’ கட்டளைக்கு ஒத்திகை உண்டு. ‘என்’ என்ற எழுத்தைச் சேர்த்தால், எவற்றை அகற்றும் என்று சொல்லுமேயன்றி அகற்றாது. ஒத்திகை பாராமல் மேடை ஏறலாமா?

நான்கு, ஒரு முறையேனும் ‘ஆட்’ செய்துவிடுங்கள். கமிட் செய்ய மறந்தாலும்கூட, ஆட் செய்த கணத்திலேயே கிட் தன் களஞ்சியத்தில் ஒரு பிரதியை எழுதி வைக்கிறது; சில நாட்களாவது அதைத் தேடி எடுக்கலாம். ஒரே ஒரு முறை நான் பெயரைச் சொல்லியிருந்தால் போதும்!

ஐந்தாவது, இதற்கு மறுபக்கம். பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரேயடியாக அள்ளிச் சேர்ப்பதும் ஆபத்தே. கடவுச்சொல் உள்ள கோப்பு அப்படி ஏறிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்கினாலும் பழைய பதிவில் அது இருந்துகொண்டேயிருக்கும். உடனே கடவுச்சொல்லையே மாற்ற வேண்டும். 2014-இல் வந்த கிட் 2.0 முதல், ஒரு கோப்புறையை ‘ஆட்’ செய்தால் அதில் காணாமற்போனவையும் நீக்கமாகக் குறிக்கப்படும். ஆகவே சேர்க்கும்போதும் பார்த்தே சேர்க்க வேண்டும்.

சிஸ்டர் வந்த நாள்

உள்ளடக்கத்தில் இருபத்தோராவது தலைப்பு ‘சிஸ்டர் வந்த நாள்’. அந்தக் கோப்பு இப்போது இல்லை. ஆனால் கதை ஓரளவு நினைவில் இருக்கிறது.

1950-ஆம் ஆண்டு வாக்கில் அம்மாச்சி எட்டாம் வகுப்பில், அன்றைய மூன்றாம் பாரத்தில், இருந்தார். வீட்டில் ஐந்தாவது குழந்தை பிறந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பாட்டனார் அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். நான்காம் நாள் வகுப்பாசிரியையான சிஸ்டர், துணைக்கு இன்னொரு சிஸ்டரை அழைத்துக்கொண்டு, வெயிலில் இரண்டு மைல் நடந்து வீட்டு வாசலில் வந்து நின்றார்களாம். “மூணு நாளா பேரு கூப்பிடுறேன், பதில் வரலையே” என்று கேட்டார்களாம். கன்னியர் வாசல் தேடி வந்து நிற்கையில் பாட்டனாரால் மறுக்க முடியவில்லை. அம்மாச்சி மறுநாளே பள்ளிக்குத் திரும்பினார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எட்டு வயதுத் தங்கையின் இடுப்புக்கு மாறியது. அந்தத் தங்கையைப் பள்ளியில் சேர்க்கவே இல்லை.

இதைச் சொல்லிவிட்டு அம்மாச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எம்பேரு நோட்டுல இருந்துச்சு, தேடி வந்தாங்க. அவ பேரு எந்த நோட்டுலயும் இல்லையே பாப்பா, அவள யாரு தேடுவா?” என்றார். அன்று நான் அதைத் தட்டச்சு செய்தேன், ஆட் செய்யவில்லை.

கோப்புகள் அழிந்த மறுமாதம், நினைவு நாளில், அந்தத் தங்கையைக் கண்டேன். எங்கள் சின்ன அம்மாச்சிக்கு அப்போது வயது எண்பது. கையெழுத்து மட்டும் போடுவார். அதுவும் அக்காள் கற்றுக்கொடுத்தது. நடந்ததைச் சொல்லி அழுதேன். சிஸ்டர் வந்த நாள் நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“ஏன் இல்லாம? கதவுக்குப் பின்னாடிதான நின்னேன். போகையில அந்த சிஸ்டர் என்னையப் பாத்துச் சிரிச்சு, ‘உம்பேரு என்ன?’ன்னு கேட்டாங்க. சொன்னேன்” என்றார்.

“பிறகு?”

“பெறகு என்ன? அவங்க கையில அன்னிக்கு நோட்டு இல்ல.”

குற்றம் சொல்லும் குரலே அன்று. நடந்ததை நடந்தபடி சொன்னார். எனக்கோ, அறுபது கேள்விக்குறிகளுக்கு நடுவே அந்தப் பதினேழையும் ஞாயிறுதோறும் பார்த்தும் பாராமல் கடந்துபோன என் கண்களே நினைவுக்கு வந்தன. அந்த சிஸ்டராவது நின்று பெயரைக் கேட்டார்கள். நான் அதுவும் செய்யவில்லை. கண்டது போதாது, கேட்டதும் போதாது, எழுதினால்தான் பதிவு.

இன்று

இப்போது ஞாயிறுதோறும் நான் சின்ன அம்மாச்சியிடம் பேசுகிறேன். அக்காள் சொன்ன கதைகளைத் தங்கை தம் பக்கத்திலிருந்து சொல்கிறார். தொலைந்த பதினான்கில் ஐந்து இவ்வாறு வேறு வடிவில் திரும்பிவிட்டன. அக்காளுக்குத் தெரியாத கதைகள் பலவும் கிடைத்திருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் எழுதி முடித்ததும் ஸ்டேட்டஸ் கேட்கிறேன். ஒரே ஒரு கேள்வி நிற்கிறது. பெயரைச் சொல்லிச் சேர்க்கிறேன். கமிட் செய்து, இணையத்தில் உள்ள பிரதிக்கும் அனுப்பி, அங்கே திறந்தும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். தம் பெயரை ஆண்டு மலரில் போட வேண்டாம் என்று சின்ன அம்மாச்சி வெட்கப்படுகிறார். ஆதலால் இங்கே எழுதவில்லை. ஆனால் என் பதிவில் முதல் கோப்பின் முதல் வரி அவர் பெயர்தான்.

அன்புத் தங்கையரே, உங்களில் பலர் நாளை கணிப்பொறி முன் அமர்வீர்கள். சிலர் ஆசிரியையராகப் பதிவேட்டின் முன் அமர்வீர்கள். சிலர் மருத்துவமனையில் நோயாளியர் பட்டியலின் முன் நிற்பீர்கள். எங்கே இருந்தாலும், கையெழுத்திடும் முன் ஒரு கணம் நின்று இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பெயர் இருந்தும் வராதவர் யார்? வந்து நின்றும் பெயர் இல்லாதவர் யார்? முதல் கேள்வியைக் கேட்கப் பதிவேடே நமக்கு நினைவூட்டும். இரண்டாவதை நாமேதான் கேட்க வேண்டும்; பதிலையும் அப்போதே எழுதிவிட வேண்டும்.

நாளைக் காலை உங்கள் பெயரை ஆசிரியை அழைக்கும்போது, ‘உள்ளேன்’ என்று சற்று உரக்கச் சொல்லுங்கள். அந்த அழைப்பு எல்லார்க்கும் கிடைத்துவிடவில்லை.